நெத்திலிப் பக்கத்துக்கு மூன்று முகவரி: லிங்க் ஆடிட்டை எங்கே தொடங்குவது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் கேட்டது இது. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் தொடங்கினார். கருவாடு, குண்டு மிளகாய், கருப்பட்டி மூன்றும் விற்கிறார். இப்போது 160 பக்கம் வரை இருக்கிறது. ‘நெத்திலிக் கருவாடு’ என்று தேடினால் முன்பெல்லாம் கூகுளின் முதல் பக்கத்தில் வந்த தளம், இரண்டு வருடமாகக் கண்ணில் படுவதில்லை. போன மாதம் ஒரு நிறுவனத்தில் இருந்து போன் செய்து, “உங்கள் தளத்துக்கு 1,140 டாக்ஸிக் பேக்லிங்க் இருக்கிறது, 25,000 ரூபாய் கொடுத்தால் சுத்தம் செய்து தருகிறோம்” என்று சொல்லியிருக்கிறார்கள். பேக்லிங்க் என்றால் மற்ற தளங்களில் இருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், அதில் நச்சு என்று அவர்கள் முத்திரை குத்துவது டாக்ஸிக். சிவப்பு வட்டம் போட்ட ரிப்போர்ட் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்கள். “அண்ணே, லிங்க் ஆடிட் என்றால் என்ன? பணத்தைக் கொடுக்கலாமா, நானே பார்த்துக்கொள்ள முடியுமா?” என்பது கேள்வி.

தம்பி, லிங்க் ஆடிட் என்றால் தளத்துக்குள் இருக்கும், வெளியே போகும், வெளியில் இருந்து வரும் லிங்க்குகள் எல்லாம் சரியான இடத்துக்குப் போகின்றனவா என்று கணக்குப் பார்ப்பது. பணத்தைக் கொடுக்க வேண்டாம். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கடை அடைத்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். நீங்கள் கொடுத்த அனுமதியில் உங்கள் சர்ச் கன்சோலை, அதாவது கூகுள் தேடலில் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியை, திறந்து பார்த்தேன், தளத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். கோளாறில் முக்கால்வாசி தளத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அதைச் சரிசெய்ய யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

முதலில் அந்த 1,140 கணக்கைப் பேசிவிடுவோம், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. ஒரு தளத்தில் இருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் லிங்க்கை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில்தான் 1998இல் கூகுளே பிறந்தது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் செய்த பேஜ்ரேங்க் கணக்கு அதுதான். பரிந்துரைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் அதை விலைக்கு விற்க ஆள் வந்துவிட்டார்கள். அதை அடக்க 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. போலி லிங்க் வாங்கிய தளங்கள் அன்றைக்குச் சரிந்து விழுந்தன. இந்தப் பயத்தைத்தான் இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் அன்றாடக் கணக்கோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகு போலி லிங்க்கைக் கண்டால் பெரும்பாலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ‘டாக்ஸிக்’ என்ற மதிப்பெண் கருவி விற்பவர்கள் வைத்தது. கூகுளுக்குள் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று கூகுள்காரர்களே பல தடவை சொல்லிவிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பவை படங்களைத் திருடி ஒட்டும் தளங்களும், ஊர் பேர் தெரியாத பட்டியல் தளங்களும்தான். இணையத்தில் கொஞ்ச நாள் இருக்கிற எந்தத் தளத்தைப் பார்த்தாலும் இந்தப் பாசி ஒட்டியிருக்கும்.

சரி, நிஜமான கோளாறுக்கு வருவோம். உங்கள் நெத்திலிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு குறையும். நீங்கள் ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் ‘சரக்கு இல்லை’ என்று நெத்திலிப் பக்கத்தை டிராஃப்டில் (வெளியே தெரியாத வரைவு) தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். ஜூன் கடைசியில் சரக்கு வந்ததும், நல்ல படம் எடுத்து, புதிதாக ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்கள். முதல் பக்கத்தின் முகவரி ‘நெத்திலி-கருவாடு’. அடுத்த வருடம் ‘புது-நெத்திலி’. அதற்கு அடுத்து ‘பாம்பன்-நெத்திலி’. ஒரே சரக்குக்கு மூன்று முகவரி, அதில் இரண்டு செத்த முகவரி. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த லிங்க், சமையல் குறிப்பு எழுதும் ஓர் அக்கா தன் பக்கத்தில் கொடுத்த லிங்க், உங்கள் தளத்திலேயே ‘கருவாட்டுக் குழம்பு’ பதிவில் இருக்கிற லிங்க் எல்லாம் அந்த முதல் முகவரிக்குத்தான் போகின்றன. அங்கே போனால் ‘பக்கம் கிடைக்கவில்லை’, அதாவது 404. கூகுளின் முதல் பக்கத்தில் நின்றது அந்தப் பழைய முகவரிதான். கூகுள் கொஞ்ச நாள் வந்து தட்டிப் பார்த்திருக்கும், கதவு திறக்கவில்லை, பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. புதுப் பக்கம் யார் பரிந்துரையும் இல்லாமல் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கியது. அதற்கும் அடுத்த தடைக்காலத்தில் அதே கதி.

இதற்கு மருந்து எளிது. ஒரு சரக்குக்கு ஒரே முகவரி. சரக்கு இல்லாத நாளில் பக்கத்தை அப்படியே வைத்து, ‘இப்போது இருப்பு இல்லை, தடைக்காலம் முடிந்து ஜூன் கடைசியில் வரும்’ என்று எழுதுங்கள். எண் கொடுத்தால் சரக்கு வந்ததும் சொல்கிறோம் என்று ஒரு வரியும் சேருங்கள். இப்போது உயிரோடு இருக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு, பழைய இரண்டு முகவரியில் இருந்தும் அதற்கு 301 போடுங்கள். 301 என்றால் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற அறிவிப்பு. வேர்ட்பிரஸ்ஸுக்கு ‘ரீடைரக்ஷன்’ என்ற இலவச நீட்சி இருக்கிறது, அதில் பழைய முகவரியை ஒரு கட்டத்திலும் புதியதை அடுத்த கட்டத்திலும் ஒட்டினால் முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: முதலாவதில் இருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதில் இருந்து மூன்றாவதுக்கு என்று சங்கிலி போடாதீர்கள். இரண்டுமே நேராகக் கடைசி முகவரிக்குப் போகட்டும். பக்கங்களைப் பார்க்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் ஒரு சங்கிலியில் 10 தாவல் வரை போகும் என்றாலும், ஒவ்வொரு தாவலிலும் போனில் பார்ப்பவருக்கு நேரம் வீண். தங்கச்சிமடம் தாண்டினால் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த 301களைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் யோசனை. நான் எடுப்பதே இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இதே மாதிரி மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்று ஒரு மென்பொருள், கணினியில் நிறுவிக்கொள்ளலாம். 500 முகவரி வரை இலவசம். படங்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் உங்கள் தளத்தின் கடைசிக் கொஞ்சம் விடுபடலாம், பரவாயில்லை. முகப்பில் தொடங்கி ஒவ்வொரு லிங்க்காகப் பிடித்துப் போய், எது 200 (சரியாகத் திறக்கிறது), எது 301, எது 404 என்று வரிசையாகக் காட்டும். 404 வரியைத் தொட்டால், அதற்கு எந்தெந்தப் பக்கத்தில் இருந்து லிங்க் போகிறது என்று கீழே வரும். அந்தப் பக்கத்துக்குப் போய் லிங்க்கையே மாற்றிவிடுங்கள். 301 போட்டாயிற்றே என்று உள்லிங்க்கைத் திருத்தாமல் விடக் கூடாது. வெளியாள் கொடுத்த லிங்க்கை நம்மால் மாற்ற முடியாது, அதற்குத்தான் 301. நம் வீட்டுக்குள் இருக்கும் லிங்க் நேராகச் சரியான முகவரிக்கே போக வேண்டும். தளம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறி, பூட்டுச் சின்னம் வந்த பிறகும் பழைய எச்டிடிபி முகவரியிலேயே உங்கள் மெனுவில் நாலு லிங்க் நிற்கிறது. அதையும் அப்படியே மாற்றிவிடுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் ஒரு நுணுக்கம். பதிவின் முகவரியை மாற்றினால் அதுவே பழைய முகவரியில் இருந்து புதியதற்குத் திருப்பிவிடும். ஆனால் ‘பக்கம்’ என்ற வகையில் போட்டதற்கு அப்படிச் செய்யாது, நாம்தான் 301 போட வேண்டும். உங்கள் ‘மொத்த விலை’ பக்கம் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறது.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு வரும் ஒரு தொல்லையும் உண்டு, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் கணினி அதை % அடையாளமும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறிகளாக மாற்றித்தான் அனுப்பும். ‘க’ என்ற ஒரு எழுத்துக்கு 9 குறிகள். ‘கு’ என்றால் உகரம் தனியாகக் கணக்கில் வருவதால் 18. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு 200 குறிகள்தான் இடம் கொடுக்கிறது. ‘நெத்திலிக் கருவாடு சுத்தம் செய்வது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘நெத்திலிக்-கருவாடு-சுத்த’ என்று பாதியில் அறுந்து நிற்கும். அறுந்தாலும் பக்கம் திறக்கும், அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை, அதை யாராவது காப்பி செய்து அனுப்பும்போது வருகிறது. இவ்வளவு நீளமான குறிகளைப் பார்த்துவிட்டுப் பாதியை வெட்டி ஒட்டுவார்கள். எஸ்எம்எஸ்ஸில் இரண்டாக உடையும். உங்கள் சர்ச் கன்சோலில் ‘கிடைக்கவில்லை (404)’ பட்டியலைப் பாருங்கள், பாதி முகவரிகள் இப்படி வால் அறுந்தவைதான். ஏற்கெனவே இருக்கும் முகவரிகளை இதற்காக மாற்ற வேண்டாம், நன்றாக ஓடுவதைத் தொடக் கூடாது. இனிமேல் போடும் பக்கங்களுக்கு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் வையுங்கள். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். தமிழ் முகவரி பார்க்க அழகுதான், எனக்கும் அதில் ஆசை உண்டு, ஆனால் அனுப்பும் வழியில் உடைகிற பொருளைக் கடையில் வைத்து என்ன செய்ய.

அடுத்து மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில் ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பே ‘குண்டு மிளகாய்’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே சரக்கு, ஒரே விலை, ஏறக்குறைய ஒரே படம். உள்லிங்க்குகளில் பாதி இதற்கும் பாதி அதற்கும் போகின்றன. எதைக் காட்டுவது என்று கூகுளும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஊரில் குண்டு மிளகாய் என்கிறோம், குறியீட்டில் முண்டு மிளகாய் என்று பதிவாகியிருக்கிறது என்று அந்த ஒரே பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டால், எந்தப் பெயரில் தேடுபவருக்கும் அது போதும். மற்றதற்கு 301.

அப்புறம் அநாதைப் பக்கங்கள். தளத்தில் இருக்கும், ஆனால் எந்தப் பக்கத்தில் இருந்தும் அதற்கு லிங்க் இருக்காது. தளவரைபடத்தில் (சைட்மேப், தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) இருக்கும் முகவரிகளை ஒரு பக்கமும், ஸ்க்ரீமிங் ஃப்ராக் நடந்து கண்டுபிடித்த முகவரிகளை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டால், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை அநாதைகள். உங்களிடம் 14 இருக்கின்றன. அதில் ஒன்று கருப்பட்டியில் கலப்படம் கண்டுபிடிப்பது பற்றி நீங்கள் 2021இல் எழுதியது. தம்பி, உங்கள் தளத்திலேயே அதுதான் சிறந்த எழுத்து. அதைப் படித்தவர் உங்களிடம்தான் கருப்பட்டி வாங்குவார். அதற்குக் கருப்பட்டி விற்கும் பக்கத்தில் இருந்துகூட ஒரு லிங்க் இல்லை. முகப்பில் இருந்து இரண்டு மூன்று தட்டலுக்குள் வந்துசேரும் இடத்தில் அதை வையுங்கள்.

லிங்க் கொடுக்கும் சொல்லும் முக்கியம். 160 பக்கத்தில் 90 இடத்தில் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று இருக்கிறது. எங்கே போகிறோம் என்று வாசகருக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. ‘நெத்திலியை மணல் போகக் கழுவும் முறை’ என்று எழுதி, அந்தச் சொற்கள் மேலேயே லிங்க்கை வையுங்கள். அதற்காக ஒவ்வொரு வரியிலும் ‘நெத்திலிக் கருவாடு’ என்ற சொல்லைப் பிடித்து லிங்க் ஆக்கவும் கூடாது. பேசும்போது எங்கே கை காட்டுவோமோ அங்கே போதும்.

இனி உங்கள் தளத்தில் இருந்து வெளியே போகும் லிங்க். இங்கே கருவிகளை முழுக்க நம்பக் கூடாது, என் அனுபவத்தைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘எப்படி வருவது’ பக்கத்தில் ஒரு வாடகைக் கார்க்காரரின் தளத்துக்கு லிங்க் கொடுத்திருந்தோம். அவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். யாரோ அதை வாங்கி ஆன்லைன் ரம்மித் தளமாக மாற்றிவிட்டார்கள். கருவியில் அது 200, பச்சை நிறம், எல்லாம் சரி. மதுரையில் இருந்து குடும்பத்தோடு வரவிருந்த ஒரு பெரியவர் விடுதிக்குப் போன் செய்து, “கோயிலுக்கு வர வழி கேட்டால் சூதாட்டத்துக்கு வழி காட்டுகிறீர்களே” என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. அன்றில் இருந்து வெளிலிங்க் எதையும் என் கண்ணால் திறந்து பார்க்காமல் கணக்கை முடிப்பதில்லை. அப்படித் திறந்து பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றபோது எழுதிய ‘ரயில் ராமேஸ்வரம் வரை வராது’ என்ற குறிப்பு, 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்த பிறகும் அதே பக்கத்தில் கிடந்தது.

உங்கள் தளத்தில் வெளிலிங்க் 40தான், அரை மணி நேர வேலை. முதலில் வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டுங்கள். நான் போனில் தட்டிப் பார்த்தேன், மூன்று சரக்குப் பக்கங்களில் பழைய எண் இருக்கிறது. எந்த ஆடிட் கருவியும் இதைக் காட்டாது, ஏனென்றால் லிங்க் ஒழுங்காகத் திறக்கிறது, ஆர்டர் மட்டும் வேறு யாருக்கோ போகிறது. இன்னொன்று, நீங்கள் போடாத லிங்க் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் ‘தீம்’ (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்பு) ஒன்றைச் சிலர் இலவசமாகத் தருவார்கள். அதன் அடிப்பகுதியில் பின்னணி நிறத்திலேயே எழுத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் சூதாட்டத் தளங்களுக்கு லிங்க் ஒளித்திருப்பார்கள். உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் தீம் மாற்றும்போது நினைவில் வையுங்கள்.

வெளியே லிங்க் கொடுத்தால் நம் மதிப்பு ஒழுகிப் போய்விடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ (இந்த லிங்க்கைப் பரிந்துரையாக எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. மீன் வகைகளைப் பற்றி எழுதும்போது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தளத்துக்கு லிங்க் கொடுத்தால் வாசகருக்கு நம்பிக்கை கூடும். அவர்களின் மண்டல மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நோஃபாலோ 2005இல் கருத்துப் பகுதியில் குப்பை கொட்டுபவர்களைத் தடுக்க வந்தது. 2019இல் அதோடு இரண்டு சேர்ந்தன: காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் லிங்க்குக்கு ஸ்பான்சர்ட், வாசகர்கள் எழுதும் இடத்தில் வருவதற்கு யூஜிசி. மசாலா நிறுவனம் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் ஸ்பான்சர்ட் போடுங்கள். மற்றபடி நீங்களே விரும்பிப் பரிந்துரைப்பதைச் சாதாரணமாக விடுங்கள்.

கடைசியாக, உள்ளே வரும் லிங்க். சர்ச் கன்சோலில் ‘லிங்க்ஸ்’ என்ற இடத்தில் யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொல்லில் என்று இருக்கும். அது முழுப் பட்டியல் இல்லை, மாதிரிதான், ஆனால் உங்கள் அளவுக்குப் போதும். அதில் இரண்டே கேள்வி. நல்ல தளம் ஒன்று செத்த முகவரிக்கு லிங்க் கொடுத்திருக்கிறதா? இருந்தால் 301 போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சமையல் குறிப்பு அக்காவின் லிங்க் இப்படித் திரும்பக் கிடைக்கும், அவருக்கு ஒரு நன்றி எழுதிப் புது முகவரியைக் கொடுத்தால் மாற்றியும் தருவார். பொருத்தமான பக்கம் இல்லாதவற்றை முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அதை 404 போலத்தான் எடுத்துக்கொள்ளும், வந்தவருக்கும் குழப்பம். அதை 404ஆகவே விடலாம், தப்பில்லை.

இரண்டாவது கேள்வி, நீங்களோ உங்களுக்காக வேறு யாரோ எப்போதாவது லிங்க்கைக் காசுக்கு வாங்கியதுண்டா? இல்லை என்கிறீர்கள். சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்ஷன்ஸ்’ பக்கத்தைப் பார்த்தேன், தண்டனை எதுவும் இல்லை. அப்படியானால் டிஸவோ கருவியின் பக்கமே போக வேண்டாம். குறிப்பிட்ட தளங்களின் லிங்க்கை எண்ணாதே என்று கூகுளிடம் சொல்லும் கருவி அது, 2012 அக்டோபரில் வந்தது. ஏராளமான போலி லிங்க் இருந்து, அதனால் கூகுள் ஆட்கள் தண்டனை கொடுத்திருந்தாலோ கொடுக்கும் நிலை இருந்தாலோ மட்டும் பயன்படுத்தச் சொல்லி கூகுளே எச்சரிக்கை போட்டிருக்கிறது. அந்த நிறுவனம் 25,000 வாங்கிக்கொண்டு செய்யப்போவது, 1,140 வரியை ஒரு உரைக்கோப்பில் ஒட்டி அங்கே ஏற்றுவதுதான். அதில் அந்த அக்காவின் தளமும் இருக்கிறது, ரிப்போர்ட்டின் ஏழாவது பக்கத்தில் பார்த்தேன். உங்களிடம் இருக்கும் நல்ல லிங்க்கையும் வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

இன்று ராத்திரியே வாட்ஸ்அப் எண், நாளைக்கு நெத்திலிப் பக்கத்தின் 301, அடுத்து மிளகாய்ப் பக்கங்கள், பிறகு மற்றவை என்று போங்கள். மாற்றியதை எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நெத்திலி முகவரியைச் சர்ச் கன்சோலின் மேலே இருக்கும் சோதனைப் பெட்டியில் கொடுத்து, மறுபடி வந்து பார்க்கச் சொல்லி ஒரு தடவை கேளுங்கள், ஒரு தடவை போதும். பழைய இடம் அப்படியே திரும்பும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, நானும் கொடுக்கவில்லை. அசைவு தெரியச் சில வாரங்கள் ஆகும், சில பக்கங்களுக்கு மாதக்கணக்கும் ஆகலாம். வருடா வருடம் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை பார்த்து, பெயின்ட் அடிக்கும் அதே நாட்களில் நீங்களும் இந்தக் கணக்கை ஒருமுறை பாருங்கள், அப்போது ஆர்டரும் குறைவாக இருக்கும். அந்த 14 அநாதைப் பக்கங்களின் பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன். அதில் நாலைந்தை எதோடு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, சரக்கு தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.